தெரியாத வரி

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடைக்கடை வைத்திருந்த அபுபக்கர், வந்தவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டுச் சண்டையில் அடித்து ஒடித்த குடையைக் கொண்டுவந்து நீட்டி, "காத்துல ஒடிஞ்சு போச்சு பாய்" என்று ஒருவர் சொன்னால், "ஆமா, நேத்துக் காத்து கொஞ்சம் பலந்தான்" என்பார். நேற்று வேப்பிலைகூட அசைந்திருக்காது. அவருடைய ஒரே மகள் நூர்பானு அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். கணக்கு அவளுக்குத் தானாகவே வந்தது. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற குணம் அத்தாவிடமிருந்து வந்தது. பிற்பாடு அவளைக் கவிழ்த்தது கணக்கு அல்ல.

கணக்கில் பட்டம் வாங்கி, புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, எண்பத்தெட்டில் தென்காசி ரோட்டில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். மில்லிலேயே ஏசி போட்ட ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். மெஷினுக்குத் தூசி ஆகாது என்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். மேனேஜரே வெறுங்காலோடுதான் உள்ளே வருவார். பஞ்சு பறக்கிற மில்லுக்குள் இப்படி ஒரு கர்ப்பகிருகமா என்று ஸ்பின்னிங் ஆட்கள் கேலி பேசினார்கள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொரு பிரிவுக்கும் புரோகிராம் எழுதுவது. பஞ்சு பேல் இருப்புக்கு ஒன்று, கேன்டீன் டோக்கனுக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று. எழுதிப் பார்த்தால் எல்லாம் ஒரே உடம்புதான், சட்டைதான் வேறு. விவரம் அடிக்க ஒரு திரை, சேர்த்து வைக்க ஒரு ஃபைல், அச்சடிக்க ஒரு பட்டியல். இதையே திரும்பத் திரும்ப அடித்து விரல் ஓய்ந்துபோன ஒரு மழைக்காலத்தில், புரோகிராமை எழுதுகிற ஒரு புரோகிராமை அவள் எழுதினாள். என்ன வேண்டும் என்று 'தாள்' என்கிற ஒரு ஃபைலில் சின்னச் சின்ன வரிகளாக அடித்தால் போதும். மீதியை அது எழுதிவிடும். மாவை வைத்து அழுத்தினால் முறுக்கு விழுகிறது அல்லவா, அதனால் அதற்கு 'உரல்' என்று பேர் வைத்தாள். முறுக்கு உரல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுற்றுவட்டார மில்களின் கம்ப்யூட்டர் ஆட்கள் ஒரு ஓட்டல் மாடியில் கூடுவார்கள். வடையும் ஃபிளாப்பியும் கைமாறும். அங்கே உரலை எல்லோருக்கும் கொடுத்தாள். ஓடுகிற உரலை மட்டுமல்ல, அதை எழுதிய எழுத்தையும் சேர்த்தே கொடுத்தாள். யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்; மாற்றினால் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இம்புட்டு ஒழைச்சதைச் சும்மாவா குடுக்கீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"முறுக்கு உரலை யாரு சார் பூட்டி வச்சிருக்கா? தீவாளின்னா நாலு வீட்டுக்குப் போயிட்டுத்தான வருது" என்றாள்.

கொடுத்தபோது ஒரு வாக்கும் கொடுத்தாள். புது உரல் எத்தனை வந்தாலும் பழைய தாள் அதில் ஓடும் என்றாள். யாரும் கேட்காத வாக்கு அது. தானாகக் கொடுத்ததால் அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

உரலை எடுத்துக்கொண்டவர்களில் கண்ணுச்சாமி அண்ணாச்சியும் ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மில்லில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸின் கிளார்க். சொந்த ஊர் வத்திராயிருப்பு. ஐந்தாறு ஆண்டில் ரிட்டயர் ஆகப்போகிற வயதில் கம்ப்யூட்டரைத் தலையில் கட்டினார்கள். பயந்துகொண்டே படித்துக்கொண்டார். அவர் பொறுப்பில் இருந்தது பதிலிப் பட்டியல்.

மில்லில் சேர்ந்தவர்கள் எல்லோரும் உடனே நிரந்தரத் தொழிலாளி ஆகிவிட முடியாது. முதலில் பதிலி. ஷிப்டுக்கு ஷிப்டு கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே எவராவது வராவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு பதிலியின் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியதுதான். உழைத்த நாளெல்லாம் அவரவர் பெயருக்கு நேரே ஏறிக்கொண்டு போகும். நிரந்தர இடம் காலியானால், அதிக நாள் ஏறியவருக்கு அது. பதிலியின் வாழ்க்கை மொத்தமும் அந்த வரிசையில்தான் இருந்தது.

பதிலிகளுக்கு வருஷா வருஷம் புது கார்டு, புது நம்பர். ஆகவே ஓர் ஆளை அடுத்த வருஷத்தோடு கோத்து வைப்பது பெயர்தான். அங்கேதான் சிக்கல் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் கண்ணுச்சாமி ராஜபாளையம் வந்தார்.

"பொம்பளப் பிள்ளைக கல்யாணம் முடிஞ்சு வந்தா அப்பன் இனிஷியல் போயி புருசன் இனிஷியல் வந்துருது. மிசினு வேற ஆளுன்னு நெனச்சுக்கிடுது. பழைய நாளெல்லாம் காணாமப் போயிருது. அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடும்மா."

நூர்பானு அவருக்காகவே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள். தாளில் 'முன்பெயர்' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால், பழைய இனிஷியலில் இருந்த நாட்களையும் உரல் சேர்த்து எண்ணும். அது இரண்டாவது வெர்ஷன்.

அந்தக் காலத்து உரலுக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. தாளில் தனக்குப் புரியாத ஒரு வரி வந்தால் அப்படியே நின்றுவிடும். 'கீ கீ' என்று கத்தி, 'தெரியாத வரி' என்று திரையில் மினுக்கும். சரி பண்ணாமல் ஓர் அடி நகராது. ஒரு நாள் புதிதாக வந்த மேனேஜர் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது கண்ணுச்சாமி ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டார். உரல் கத்தியது. "என்ன கண்ணுச்சாமி, உமக்கு ஒண்ணும் தெரியலைன்னு மெஷினே சொல்லுதே" என்றார் மேனேஜர். டைம் ஆபீஸே சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பதிலிகளும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பை மாங்காயோடு குடைக்கடைக்கே வந்துவிட்டார். அபுபக்கரிடம் மழையைப் பற்றி, மாங்காய் விளைச்சலைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் நூர்பானு பக்கம் திரும்பினார்.

"தப்பாத்தான் அடிச்சேன், இல்லைங்கல. ஆனா நாலு பேரு முன்னால மானத்த வாங்குது. தெரியலைன்னா பேசாம அடுத்த வரிக்குப் போனா என்ன கொறஞ்சு போகுது?"

அபுபக்கர் மகளைப் பார்த்தார். இத்தனை வயசு மனுஷரை, தான் செய்த ஒரு பொருள் சபையில் தலைகுனிய வைத்துவிட்டதே என்று நூர்பானுவுக்குக் கூசியது. மூன்றாவது வெர்ஷனில் உரலின் வாயைக் கட்டினாள். தெரியாத வரி வந்தால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். ஓட்டல் மாடியில் எல்லோரும் பாராட்டினார்கள். இப்போதுதான் உரலுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்றார்கள். எவ்வளவு பெரிய பொய்யை ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

தொண்ணூற்றிரண்டில் நான்காவது வெர்ஷன். உரலை முழுக்கப் பிரித்துப் போட்டுப் புதிதாக எழுதினாள். அங்கங்கே ஒட்டுப் போட்டது போலச் சேர்ந்திருந்த வரிகளையெல்லாம் ஒழித்து, எல்லாவற்றையும் இணைக்க ஒரே ஒரு புது வரி வைத்தாள். வாக்குக் கொடுத்திருந்தாளே, அதனால் பழைய வரிகளைப் புதியதாக மாற்றிக்கொள்ளவும் உரலுக்குள்ளேயே ஏற்பாடு செய்தாள். கையில் இருந்த பழைய தாள்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் மில் தாள்கள், பக்கத்து மில் தாள்கள். அங்கெல்லாம் பதிலிக்குப் பெயரை வைத்து எண்ணுவதில்லை. ஆகவே எந்தத் தாளிலும் 'முன்பெயர்' இல்லை. கண்ணுச்சாமிக்காகச் சேர்த்த அந்த ஒரு வரியை அவள் மறந்தே போனாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறிப் போய் அந்தத் தாளையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். நன்றாக எழுதிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

கண்ணுச்சாமி புது உரலில் தன் பழைய தாளை வைத்தார். உரல் 'முன்பெயர்' வரியைப் பார்த்தது, அதற்குப் புரியவில்லை, மரியாதையாகத் தாண்டிப் போனது. ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த தையில் அந்த மில்லில் சில நிரந்தர இடங்கள் காலியாகின. உரல் போட்டுக் கொடுத்த வரிசையைக் கேட்டில் ஒட்டினார்கள். நிரந்தரமானவர்களில் கடைசிப் பெயர் வெள்ளத்தாய். மகாராஜபுரத்துக்காரி, புருஷன் செத்துப்போய் இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள். அவளுக்கு எத்தனையோ பேர் கீழே தள்ளி இன்னொரு பெயர் இருந்தது, இ. கருத்தம்மாள். அவளும் அதே மகாராஜபுரம், நூல் சுற்றுகிற அதே வைண்டிங் பிரிவு. இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒருத்திக்கு ஒருத்தி இடம் போட்டு, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். கருத்தம்மாள் மில்லுக்கு வந்தபோது அப்பா முத்துவீரன் பெயரால் மு. கருத்தம்மாள். இடையில் கல்யாணமாகி, புருஷன் இருளப்பன் பெயரால் இ. ஆனாள். மு.வாக அவள் உழைத்த அத்தனை நாளும் எண்ணிக்கைக்குள் வரவே இல்லை.

டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஐயா, என் நாளு கொறையுற மாதிரி இருக்கே."

"கம்ப்யூட்டர் போட்டதும்மா. அதுக்கு ஒன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. ஓரவஞ்சன பண்ணாது" என்றார் கண்ணுச்சாமி. அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். கருத்தம்மாள் திரும்பிப் போனாள். சில வாரங்களில் கேட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

இது எதுவும் ராஜபாளையத்தில் இருந்த நூர்பானுவுக்குத் தெரியாது. உரல் தூத்துக்குடி, கோயம்புத்தூர் என்று போய்க்கொண்டிருந்தது. அவளை முன்பின் பார்த்திராதவர்கள்கூட அவள் பெயரைச் சொன்னார்கள். நன்றாகத்தான் தூங்கினாள்.

தொண்ணூற்றிநான்கு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் அப்துல் ஹமீது என்பவர் ஓட்டல் மாடிக்கு முதன்முதலாக வந்தார். கையில் ஒரு ஃபிளாப்பி.

"நம்ம உரல்ல ஒரு சின்ன விஷயங்க்கா. பழைய முன்பெயர் வரிய நாலாவது வெர்ஷன் கண்டுக்கவே மாட்டேங்குது. நானே சரி பண்ணிட்டேன். பாத்துச் சேத்துக்கங்க."

"முன்பெயரா? அத யாரு இப்பப் பயன்படுத்துறா" என்று சொல்லிக்கொண்டே வாங்கியவள், சொல்லி முடிப்பதற்குள் கண்ணுச்சாமியின் மாங்காய்ப் பையை நினைத்துக்கொண்டாள். வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

டைம் ஆபீஸில் கண்ணுச்சாமி அவளுக்கு நாற்காலி போட்டு, கலர் வாங்கிவரச் சொன்னார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ஒரு சோதனைதான்" என்று சொல்லி, ஹமீது சரிசெய்த உரலில் அந்தத் தை மாதப் பட்டியலை மறுபடியும் போட்டாள். பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. கோட்டுக்கு மேலே ஒரே ஒரு பெயர் புதிதாக ஏறியிருந்தது. கருத்தம்மாள் வெள்ளத்தாய்க்கு நேர் மேலே நின்றாள். நிரந்தரத்துக்குக் கிழித்த கோடு அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

கண்ணுச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஓரவஞ்சன பண்ணாதுன்னு சொன்னேனே அந்தப் பிள்ளைகிட்ட" என்றார்.

"மேனேஜர்கிட்டச் சொல்லிருவோம் அண்ணாச்சி."

"சொல்லி? ஒருத்திய எறக்கி ஒருத்திய ஏத்துவாங்களா? வெள்ளத்தாயிக்கு ரெண்டு பிள்ளைக, ஆம்பளத் தொண கெடையாது. அவ வயித்துல அடிக்கவா? கருத்தம்மா வேற வேலைக்குப் போயிட்டா, அவ விதின்னு இருக்கா. நாந்தான வாயக் கட்டச் சொன்னேன். நீயும் நல்லதுக்குத்தான கட்டுன. விடும்மா. யாருக்கும் தெரியாது."

நூர்பானு விட்டாள். அதைத்தான் அவளால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை. தப்பாக எழுதியது கைத்தவறு. எழுதுகிற எவருக்கும் நேரும். தெரிந்த பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தாளே, அதற்கு என்ன பேர் வைப்பது? ஹமீதின் திருத்தத்தை உரலில் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினாள். கூடவே போன குறிப்பில், என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'சிறு திருத்தம்' என்று அடித்தாள். அடித்த கை அன்றைக்கு முழுக்க அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பெண் பெயரைக் கூப்பிடக் கேட்டாலும் திரும்பிப் பார்த்தாள். தன் மில் கேட்டில் பதிலிகள் நிற்கும் பக்கம் பார்க்காமல் உள்ளே போகப் பழகினாள். ஓட்டல் மாடியில் யாராவது பாராட்டினால் பேச்சை மாற்றினாள். இரண்டு ஞாயிறு போகாமலே இருந்துவிட்டாள். கருத்தம்மாள் எப்படி இருப்பாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. முகம் தெரியாதவளுக்குச் செய்த துரோகம் என்பதால் கண்ணில் படுகிற ஒவ்வொருத்தியும் கருத்தம்மாளாகத் தெரிந்தாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் கம்பி நெளிந்த குடையோடு வந்தார். "காத்துல போச்சு பாய்" என்றார். குடையில் செருப்புத் தடம் அச்சாக இருந்தது. "ஆமா, காத்து பலந்தான்" என்றார் அபுபக்கர், எப்போதும் போல.

"காத்து அடிக்கவே இல்லையே அத்தா" என்றாள் நூர்பானு.

வந்தவர் வெலவெலத்துப் போனார். அபுபக்கர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கடையில் அப்படி ஒரு பேச்சு அதுவரை எழுந்ததில்லை. குடைக்காரர் போன பிறகு, "என்னம்மா ஆச்சு ஒனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து உள்ளே போனாள். மறுநாள் கடையிலிருந்து ஒரு குடையை எடுத்துக்கொண்டு மகாராஜபுரம் போனாள்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. கருத்தம்மாள் நடவு முடிந்து முழங்கால் வரை சேறோடு வந்தாள். நூர்பானுவை விடச் சின்னவள்தான். வெயிலும் வேலையும் வயசைக் கூட்டிக் காட்டின.

"யாருக்கா நீங்க? பாய் வீட்டு ஆளு மாதிரி இருக்கீக. நனையாதீக, உள்ள வாங்க."

நூர்பானு உள்ளே போகவில்லை. போனால் தண்ணீர் கொடுப்பாள், குடித்தால் சொல்ல வாய் வராது. தாழ்வாரத்தில் நின்றபடியே சொன்னாள்.

"உங்க மில்லுல பதிலி வரிசை போட்ட கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதினது நான். உங்களுக்குக் கல்யாணமாகிப் பேரு மாறினதை அதுக்குச் சொல்ற ஒரு வரி இருந்துச்சு. நான் புதுசா எழுதும்போது அதை மறந்துட்டேன். உங்க பழைய நாளையெல்லாம் அது விட்டுட்டு எண்ணிருச்சு. அந்த வேலை உங்களுக்கு வந்திருக்கணும்."

கருத்தம்மாள் கால் சேற்றைக் கழுவச் செம்பைக் கையில் எடுத்திருந்தாள்.

"அப்பம் அங்காளம்மா வந்ததுக்காக இல்லையா?"

"யாரு அங்காளம்மா?"

"என் தங்கச்சி. ஒரு நாளு எனக்கு வயித்துல தங்குனது கலைஞ்சு போச்சு. எந்திரிக்க முடியல. வரிசை போயிருமேன்னு அவ என் கார்டுல வந்து வேலை பாத்தா. அப்பிடி வரக் கூடாதுல்ல. அதைக் கண்டுபிடிச்சுத்தான் என் நாளைக் கழிச்சுட்டாகன்னு நெனச்சேன். அதான் ரெண்டாவது தடவ போயிக் கேக்கல." செம்பைக் கீழே வைத்தாள். "அந்த விசயம் வெள்ளத்தாயிக்கு மட்டுந்தான் தெரியும்."

நூர்பானுவுக்கு அடுத்து வரப்போவது புரிந்துவிட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவதான் எடத்தைப் பிடிக்க என்னையக் காட்டிக் குடுத்துட்டான்னு தெருவுல நின்னு கத்துனேன். அவ பிள்ளைக தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுனா. நான் மண்ண வாரித் தூத்துனேன்." தெருப் பக்கம் கையைக் காட்டினாள். "அவ வாசலுக்கு நேரே நின்னு தூத்துனேன்க்கா."

மழை மறுபடி பிடித்தது. கருத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அதுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லக் கூடாதா?"

"மொதல்ல சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாந்தான் சொல்லாம இருக்கும்படி பண்ணினேன்."

"ஏன்?"

"அது சத்தம் போட்டது ஒருத்தருக்குச் சங்கடமா இருந்துச்சு."

"ஒருத்தருக்குச் சங்கடமா இருந்துச்சாக்கும்" என்றாள் கருத்தம்மாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நூர்பானுவுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மறுநாளே நூர்பானு ஸ்ரீவில்லிபுத்தூர் மில் மேனேஜர் முன்னால் நின்றாள். தப்பு முழுக்கத் தன்னுடையது, டைம் ஆபீஸுக்கு இதில் சம்பந்தமில்லை என்றாள். கண்ணுச்சாமி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை தானும் சொல்லலாமா என்று அவர் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. மேனேஜர் தங்கமானவராகத்தான் பேசினார். வெள்ளத்தாயை எடுக்க முடியாது. கருத்தம்மாளின் பழைய நாட்களைச் சேர்த்துவிடலாம். அடுத்த காலியிடம் அவளுக்குத்தான் என்றார்.

கருத்தம்மாள் மறுபடி வந்து கேட்டில் நின்றாள். அடுத்த காலியிடம் வரவில்லை. அதற்குள் மில்களில் கான்ட்ராக்ட் ஆட்களை வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளி ரிட்டயர் ஆனால் அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். எத்தனையோ மாதம் நின்று பார்த்துவிட்டு அவள் மறுபடியும் வயலுக்குப் போனாள். வரிசையில் முதல் பெயராகவே கடைசி வரை இருந்தாள்.

வெள்ளத்தாய் வாசலுக்கும் கருத்தம்மாள் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள், காலைப் பிடிக்கக் குனிந்தாள். வெள்ளத்தாய் விலகிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். "சரி, நடந்தது நடந்து போச்சு. மழ வருது, பாத்துப் போ" என்றாள். மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் ஒருத்தி பக்கத்தில் ஒருத்தி உட்காருவதில்லை.

ஐந்தாவது வெர்ஷனில் நூர்பானு உரலின் வாயை அவிழ்த்துவிட்டாள். தெரியாத வரி வந்தால் நின்றது, கத்தியது, நகர மறுத்தது. கூடவே போன குறிப்பில் 'சிறு திருத்தம்' என்ற பழைய வார்த்தைகளை எடுத்துவிட்டு, அந்தக் கோளாறால் ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய வேலை போனது என்று எழுதினாள். ஓட்டல் மாடியில் பலருக்கு முகம் சுருங்கியது. இதையெல்லாமா எழுதுவது என்றார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் தாங்களே மாற்றிச் சத்தமில்லாத உரல் ஒன்றைச் செய்து பரப்பினார்கள். அவளால் தடுக்க முடியாது. எழுத்தைத் திறந்து கொடுத்தவள் அவள்தானே. ஊர் ஊராகப் போய், அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சினாள். சிலர் கேட்டார்கள். பலர், "பாப்போம் மேடம்" என்றார்கள்.

இடையில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆபீஸில், "இனிஷியலை மாத்திரலாமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்" என்றாள்.

உரலுக்கு அதற்குப் பின் எந்தத் திருத்தம் செய்தாலும் வெளியே விடுவதற்கு முன் முதல் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பழைய தாளை அதில் வைப்பாள். கருத்தம்மாள் தன் இடத்தில் வந்து நின்றால்தான் அந்த வெர்ஷன் வெளியே போகும். தொண்ணூற்றெட்டு வாக்கில் எல்லோரும் விண்டோஸுக்குப் போய்விட்டார்கள். கண்ணுச்சாமி ரிட்டயர் ஆகி ஊரோடு இருந்தார். உரலைக் கேட்க ஆளில்லை. அப்படியும் அவள் அந்தத் தாளை ஓட்டிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அந்த வருஷக் கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தவள், "யக்கா" என்று கூப்பிட்டாள். கருத்தம்மாள். நூர்பானு போய் எதிரே குந்தினாள். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி விசாரித்தார்கள். பழம் பொறுக்கிக்கொண்டே கருத்தம்மாள் கேட்டாள்.

"இப்பமும் அந்த மிசினுல வேலை பாக்கீகளா?"

"பாக்கேன். புதுசா ஏதாவது பண்ணினா, மொதல்ல உங்க வரிசையத்தான் அதுல போட்டுப் பாப்பேன். சரியா வந்தாத்தான் விடுவேன்."

"எம் பேரு வருதா அதுல?"

"வருது."

"வேலை கெடச்சவுகளோடயா?"

"ஆமா. கடைசிப் பேரு உங்களுதுதான்."

கருத்தம்மாள் ஒரு பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் பையில் போட்டாள்.

"வெள்ளத்தாயி பேரு எங்கன வரும்?"

"உங்களுக்கு அடுத்த பேரு அவங்களுது."

"ஒட்டுனாப்புலயா?"

"ஒட்டினாப்பலதான்."

"அங்ஙனயாவது ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கோம்ல" என்றாள் கருத்தம்மாள். "அழிச்சுப்புடாதீகக்கா. இருக்கட்டும்."